மடையை முதலில் பாருங்கள்: மின்கிட்டார் ஒலியின் இறுக்கம் பற்றி

தப்பு அடிப்பவர்கள் அடிக்கத் தொடங்குமுன் செய்யும் வேலை ஒன்று உண்டு. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்தத் தீக்கு நேரே தோலைக் காட்டிக் காய்ச்சுவார்கள். ஈரம் ஏறிய தோல் தொய்ந்துபோய்த் தொப்தொப்பென்று ஒலிக்கும். காய்ந்த தோலை விரலால் சுண்டினாலே கணீரென்னும். ஓர் அடியின் ஒலி அடுத்த அடியின் மேல் வழிந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்தத் தீ. இதைக் கேட்டு வளர்ந்த தேவதானப்பட்டியில், மின்கிட்டாரின் 'இறுக்கம்' என்றால் என்ன என்று நான் நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. கிட்டார் வாசிக்கும் பையன்கள் டிஸ்டார்ஷனை ஏற்றிவிட்டு, 'சவுண்டு டைட்டா வரல, கொழகொழன்னு இருக்கு' என்று குறைப்படுவது இதே தொய்வைப் பற்றித்தான். அதற்கு இரண்டு வைத்தியம் சொல்லப்படுகிறது. ஒன்று, ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையைக் கழற்றி உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றுவது. மற்றது, கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு பெடலை வைப்பது. எது மேல் என்பது கிட்டார்க்காரர்களிடையே தீராத வழக்கு. அதில் என் தரப்பு இதுதான்: இறுக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் செய்வது ஒரே வேலை. வேலை ஒன்றே என்னும்போது, வேண்டாமென்றால் எடுத்துவிடக்கூடிய வழியை முதலில் முயன்று பார்க்க வேண்டும். பெட்டியைத் திறப்பது, வெளியிலிருந்து எட்டாத கோளாறுக்கு மட்டுமே.

தொய்வு எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். கிட்டாரின் தடித்த கம்பி, வழக்கமான சுருதியில் நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபயரில், அந்த அதிர்விலிருந்து கிட்டாரின் பிக்கப் எடுக்கும் சிறு மின் அலை கட்டம் கட்டமாகப் பெருக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டும் அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். கம்பியிலிருந்து வரும் அலையில் பேஸ், அதாவது கீழ் அதிர்வு, பெரியது. பெருக்கம் கூடக்கூட, கிடைக்கும் இடத்தை முதலில் அது அடைத்துக்கொள்கிறது; நடு அதிர்வுகள் அதன் முதுகில் ஏறிப்போய் அதோடு சேர்ந்து வெட்டுப்படுகின்றன. வெட்டுப்படும் இடத்தில் கம்பிகளில் இல்லாத புது அதிர்வுகளும் பிறக்கின்றன. 82-இல் அதிரும் கம்பியையும் 123-இல் அதிரும் இன்னொரு சுரத்தையும் சேர்த்து அடித்தால், இரண்டின் வித்தியாசமாக 41 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் கிளம்புகிறது. போதாததற்கு, நம் ரேடியோ மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்லும் கெப்பாசிட்டரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. அளவுக்கு மீறிய அலை வரும்போது, இரு வால்வுகளுக்கு நடுவே உள்ள கண்டென்சர் மின்னேற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்; அது வடியும் வரை அடுத்த வால்வு பாதி அடைபட்டுக் கிடக்கும். 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரோடு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருந்தால் வடிவதற்கான கால அளவு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 150 தட்டு வேகத்தில், தட்டுக்கு நான்காக அடித்தால், ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் அதே பத்தில் ஒரு பங்குதான். முந்திய அடி வடியுமுன் அடுத்த அடி வந்து விழுகிறது. கொழகொழப்பு என்று காது சொல்வதன் கணக்கு இது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது: பேஸைக் குறைப்பதானால், அலை வெட்டுப்படுவதற்கு முன்பே குறைக்க வேண்டும். மஞ்சளாற்றுத் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்களுக்கு இது புதிதில்லை. வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை மடையில் தீர்மானிக்க வேண்டும். நாற்று முழுகியபின் வடிகால் வெட்டினால் தண்ணீர் போகும், அழுகிய நாற்று நிமிராது. ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் இருக்கும் பேஸ் திருகு பல நேரம் கைகொடுக்காததற்குக் காரணம் இதுவே. மார்ஷல் வகை ஆம்ப்ளிஃபயர்களில் அந்தத் திருகு, முன்கட்டத்து வால்வுகள் அலையை வெட்டி முடித்தபின் வருகிறது. திருகைக் குறைத்தால் ஒலி மெலிகிறதே தவிர இறுகுவதில்லை. கலிஃபோர்னியாவின் மெசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை இதற்கு நேர்மாறு. அதில் பேஸ் திருகு முதல் கட்டத்தை ஒட்டியே, பெரிய வெட்டு விழுமுன் வருகிறது. வெட்டு முடிந்தபின் ஐந்து பட்டைகள் கொண்ட ஈக்வலைசர் ஒன்று இருக்கிறது. அதை வாசிக்கும் கலைஞர்கள் முன்திருகில் பேஸை ஏறக்குறைய அடைத்துவிட்டு, பின்னால் ஈக்வலைசரில் வேண்டிய அளவு சேர்த்துக்கொள்வார்கள். 1986-இல் வந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' தொகுப்பின் கத்தி போன்ற ரிதம் கிட்டார் இந்த வரிசையில் வந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலிதான். முன்னால் குறை, பின்னால் கூட்டு என்ற ஒழுங்குக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இந்த ஒழுங்கைப் பெடல் எப்படி நிறைவேற்றுகிறது? 1970களின் இறுதியில் ஜப்பானிலிருந்து ஐபனெஸ் பெயரில் வந்த டியூப் ஸ்கிரீமரை எடுத்துக்கொள்வோம். இன்று கடைகளில் கிடைக்கும் ஓவர்டிரைவ் பெடல்களில் பெரும்பகுதி அதன் வாரிசுகள். அதன் பெருக்கக் கட்டத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராக உட்கார்ந்திருக்கின்றன. இந்த இரண்டு சிறு பாகங்களும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு கிழிக்கின்றன. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். டிரைவ் திருகை முழுக்கக் குறைத்து வைத்துக் கணக்குப் போட்டால், சிறிய அலைகளில் 720 ஹெர்ட்ஸ் எட்டு மடங்கைத் தாண்டிப் பெருகும்போது, 82 ஹெர்ட்ஸ் இரண்டு மடங்கைக்கூட எட்டுவதில்லை. பின்னால் வரும் இன்னொரு வடிகட்டி, காதைக் குத்தும் மேல் அதிர்வுகளைக் கொஞ்சம் தணிக்கிறது. ஆக, நடுப்பகுதி மேடாகவும் இரு ஓரங்களும் சரிவாகவும் உள்ள ஓர் அலை ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது. அனுபவமுள்ள வாசிப்பாளர்கள் இந்தப் பெடலின் டிரைவை அடியோடு குறைத்து, லெவலை மட்டும் ஏற்றி வைப்பதன் காரணம் இப்போது விளங்கும். அவர்கள் பெடலிடம் டிஸ்டார்ஷன் கேட்கவில்லை. மடை வேலையை மட்டும் கேட்கிறார்கள். அலையை வெட்டும் வேலையை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்கிறது.

இனி பெட்டியைத் திறப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் கை வைக்கும் முதல் இடம் பெரும்பாலும் முதல் வால்வின் கேத்தோடு என்னும் முனை. ஃபெண்டர் நிறுவனத்தின் வகை அமைப்பில் அங்கே 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருக்கும். அது கிட்டாரின் எல்லா அதிர்வுகளையும் முழுப் பெருக்கத்தோடு விடும். அதை எடுத்துவிட்டு 0.68 வைத்தால், சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறைகிறது. அடுத்த இடம், கட்டங்களை இணைக்கும் கண்டென்சர். 470 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 0.022 இருந்தால் பேஸ் குறையத் தொடங்கும் கோடு 15 ஹெர்ட்ஸில் விழும். அதாவது எதுவும் குறையாது. 0.0022 வைத்தால் கோடு 150-க்கு ஏறிவிடும். மதிப்பைப் பத்தில் ஒன்றாக்கினால் கோடு பத்து மடங்கு மேலே போகிறது, அவ்வளவுதான் சூத்திரம். மார்ஷல் நிறுவனத்தின் வரலாறே இந்த மாற்றத்தின் வரலாறு. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப்ளிஃபயர், ஃபெண்டர் பாஸ்மேனின் சுற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டது. பாஸ்மேன் என்பது பெயருக்கேற்ப பேஸ் கிட்டாருக்காகச் செய்தது. பின்னால் வந்த மாடல்களில் மார்ஷல் அந்த 0.68 கண்டென்சரைப் புகுத்தித் தன் ஒலியை இறுக்கிக்கொண்டது. பெடலுக்குள் 0.047 செய்வதையும் பெட்டிக்குள் 0.68 செய்வதையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்துவது எனக்குப் பொருந்தவில்லை. ஒரே சட்டத்தின் இரண்டு பிரயோகங்கள் அவை.

சட்டம் ஒன்றென்றால், தேர்வுக்கு அடிப்படை வாசிப்பவரின் சூழல். நம் வட்டாரத்தில் கிட்டார் வாசிப்பவர் யார்? மெல்லிசைக் குழுவிலோ, தேவாலயப் பாடகர் குழுவிலோ, கல்லூரி நண்பர்களோடோ வாசிப்பவர். இந்த மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். அவருடைய பாட்டுகளை மேடையேற்றும் கிட்டார்க்காரருக்கு ஒரு பாட்டில் தெளிந்த நீரோட்டம் போல விரல்நடை வேண்டும். அங்கே பேஸ் முழுதாக, உருண்டையாக நிற்க வேண்டும். அடுத்த பாட்டிலேயே முரட்டு டிஸ்டார்ஷன் தேவைப்படலாம். கேத்தோடு கண்டென்சரை நிரந்தரமாக மாற்றிய பெட்டி இரண்டாவது பாட்டுக்குப் பொருந்தும்; முதல் பாட்டில் சோகைபிடித்தது போல் ஒலிக்கும். பெடலைக் காலால் அமுக்கினால் வேலை செய்கிறது, இன்னொரு முறை அமுக்கினால் ஒதுங்கிக்கொள்கிறது. இதைவிட முக்கியம், மேடையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பல நேரம் வாசிப்பவருடையது இல்லை. மைக்செட்காரர் கொண்டுவந்ததாகவோ, வாடகைக்கு எடுத்ததாகவோ இருக்கும். திருவிழா மேடையில் ஒரு பெட்டி, கல்யாண மண்டபத்தில் வேறு பெட்டி. அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் பற்றவைப்புக் கம்பியை நுழைக்க முடியாது. தோள்பையில் போகும் பெடல் எந்தப் பெட்டியோடும் சேர்ந்துகொள்ளும்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். பெடல் என்பது ஊன்றுகோல், நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு அது எதற்கு என்பது முதல் வாதம். இதைச் சொல்பவர்கள் அந்த ஊன்றுகோலின் வயதை மறந்துவிடுகிறார்கள். 1960களிலேயே இங்கிலாந்தில் டல்லாஸ் நிறுவனத்தின் ரேஞ்ச்மாஸ்டர் என்ற டிரெபிள் பூஸ்டர் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர், நுழைவாயிலில் ஒரு சின்னக் கண்டென்சர். பேஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு மற்றதை ஊதிப் பெரிதாக்கி அனுப்பும். பிளாக் சபாத்தின் டோனி அயோமி இத்தகைய பூஸ்டரோடு வாசித்தவர். குயீன் குழுவின் பிரையன் மே, டிரெபிள் பூஸ்டரையும் வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்ளிஃபயரையும் இணைத்தே தம் ஒலியை அமைத்தவர். பெடல் நடுப்பகுதியை மேடாக்கி மூக்கால் பாடுவது போன்ற நிறத்தைத் தருகிறதே என்பது இதே வாதத்தின் நியாயமான பாதி. அது உண்மைதான். தனியாக அறையில் வாசிக்கும்போது அந்த நிறம் உறுத்தும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் கூட இருக்கும்போது, கிட்டார் கேட்கப்படுவதே அந்த மேட்டினால்தான். அப்போதும் பிடிக்காவிட்டால் நடுப்பகுதியைத் தொடாமல் பேஸை மட்டும் குறைக்கும் ஈக்வலைசர் பெடல் இருக்கிறது. இரைச்சல் கூடுகிறது என்பதும் மெய்யே. ஆனால் பெட்டிக்குள் பெருக்கக் கட்டம் ஒன்றைச் சேர்த்தாலும் இரைச்சல் கூடத்தான் செய்யும். பெருக்கம் எங்கே நடந்தாலும் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. உலகின் பெரிய ஒலிகளெல்லாம் பெட்டியைத் திறந்தவர்களால்தானே பிறந்தன என்பார்கள். மெசா பூகியின் ரேண்டல் ஸ்மித், 1960களின் இறுதியில் ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற சின்னப் பெட்டிக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மரையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் புகுத்தித்தான் தொடங்கினார். கார்லோஸ் சன்டானா வாசித்துப் பார்த்துச் சொன்ன பாராட்டிலிருந்துதான் 'பூகி' என்ற பெயரே வந்தது. நம் மண்ணிலேயே சான்று உண்டு. குட்டையான திமிரி நாகசுரத்தில் சுத்த மத்தியமத்தை ஊதும் விதத்தால் சரிக்கட்ட வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்திய பிறகு அந்தச் சுரம் துளையிலேயே நின்றது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி கொண்ட மாண்டலினை விட்டு, ஐந்து தனிக்கம்பி கொண்ட மின்மாண்டலினுக்கு வந்தார். கருவியை மாற்றுவது பாவம் என்றால் இவையெல்லாம் நடந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த உதாரணங்களை இன்னும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். குறை எந்தச் சுரத்தில், எந்தத் துளையில் என்பது அங்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தக் குறை எல்லாக் கச்சேரிக்கும் பொதுவாக இருந்தது. கை வைத்தவர் அந்தத் தொழிலிலேயே ஊறியவர். மூன்றும் பொருந்தினால் ஆம்ப்ளிஃபயரையும் தாராளமாகத் திறக்கலாம். இறுக்கம் வேண்டும் என்ற ஆசை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திறப்பதையே மறுக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மெசாவின் டூயல் ரெக்டிஃபயரும் பீவியின் 5150-யும் வந்தபோது, வேண்டிய டிஸ்டார்ஷன் எல்லாம் தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டிருந்தது. அவற்றை வாங்கிய மெட்டல் கலைஞர்களே முன்னால் ஒரு டியூப் ஸ்கிரீமரை வைத்து ஒலியை இறுக்கிக்கொண்டார்கள். உச்சத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயருக்கும் வாசலில் ஒரு மடை தேவைப்பட்டது.

பெடலுக்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் என் வாதம் நேர்மையாகாது. பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து வலுவிழக்கும். பெரிய அடி விழும்போது மின்னழுத்தம் சரிந்து ஒலி தளரும். வால்வு தேய்ந்தாலும் அப்படியே. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர் வேலையை வால்வு பார்க்கும் பெட்டிகளில் இந்தச் சரிவு பிறவிக் குணம்; மெல்லிசைக்கு அது இதம், வேக ரிதத்துக்கு இடைஞ்சல். கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கித் திருப்பிவிடப்படும் எதிர்ப்பின்னூட்டம் குறைவாக இருந்தால், ஸ்பீக்கர் தன் இஷ்டத்துக்கு ஆடும். இவற்றுக்கு வெளியிலிருந்து மருந்தில்லை. திறந்தே ஆக வேண்டும். ஆனால் இவற்றில் முதல் இரண்டும் பழுதுபார்ப்பு வகையைச் சேர்ந்தவை. பழுதான பெட்டியை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் அதன் மேல் மாற்றம் செய்வது, கரை உடைந்த கண்மாய்க்கு மடை மாற்றுவதற்குச் சமம். ஸ்பீக்கரும் அதன் கூடும் தனி. முதுகு திறந்த கூட்டில் ஸ்பீக்கரின் பின்பக்கத்து அலை வெளியேறி, முன்பக்கத்து பேஸைக் கலைக்கிறது. முதுகு மூடிய கூட்டில் அடிகள் திண்ணென்று விழும். கண்டென்சரைத் தொடுமுன் ஸ்பீக்கர் கூட்டை மாற்றிக் கேட்பவர், திறக்க வேண்டிய தேவையே இல்லை என்று பல நேரம் கண்டுகொள்வார்.

திறப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்சாரம் நடமாடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும்; வெளிச்சம் அணைந்துவிட்டதே என்று கை வைத்தவரைக் கொல்லும் அளவுக்குத் தேக்கி வைத்திருக்கும். பூட்டிய கதவுக்கே பூசை நடக்கும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் உள்ள ஊரில், திறக்காமல் விட வேண்டிய கதவும் உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைய மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களிலோ ஆபத்து குறைவு, வசதியும் குறைவு. கடுகு போன்ற பாகங்கள் பலகையோடு ஒட்டிக்கிடக்கும், ஒன்றை எடுக்கப்போய்ப் பலகையின் செம்புக்கோடே உரிந்து வந்துவிடும். மாற்றிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களை நான் தடுக்கவில்லை. அவர்களுக்கு உகந்த பள்ளிக்கூடம் பெடல்தான். அதற்குள் இருப்பது 9 வோல்ட். முன்பு சொன்ன அந்த 0.047 கண்டென்சரை எடுத்து 0.1 வைத்தால் 720-இல் இருந்த கோடு 340-க்கு அருகே இறங்கி ஒலி பருக்கும், 0.022 வைத்தால் 1500-ஐத் தாண்டி ஏறி ஒலி மெலியும். சில ரூபாய்ப் பாகம், ஒரு பற்றவைப்புக் கம்பி, உயிருக்குப் பயமில்லை. கேத்தோடு கண்டென்சர் என்ன செய்யும் என்பதை இந்தப் பள்ளியில் காதால் கற்றவர், பிறகு பெரிய பெட்டியைத் திறக்கும் மெக்கானிக்கிடம் தனக்கு வேண்டியதை எண்ணோடு கேட்க முடியும்.

ஆகவே, கொழகொழப்பு தட்டினால் சோதிக்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. முதலில் கெயின் திருகைக் கால்வாசி குறைத்துக் கேளுங்கள். உள்ளங்கை கம்பியின் மேல் எங்கே படுகிறது என்று பாருங்கள். கழுத்துப்பக்கப் பிக்கப்பிலிருந்து பாலப்பக்கப் பிக்கப்புக்கு மாறுங்கள். பிறகு பெட்டியைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் விலக்கி ஒரு நாற்காலி மேல் வையுங்கள். சுவரும் தரையும் கூட்டித் தருகிற பேஸ் விலகும். எதிரொலிக்கும் மண்டபத்தில் இதுவே பாதி வேலையை முடித்துவிடும். அதன் பிறகு பெடல், அதன் பிறகு ஸ்பீக்கர். அதற்கும் அடங்காமல், எந்தப் பெடலோடும், எந்த இடத்திலும், அதே தொய்வு அதே சுரத்தில் தொடர்ந்தால், அப்போது நோய் உள்ளே இருக்கிறது. தெரிந்தவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். தப்பு அடிப்பவர் ஒவ்வொரு முறையும் தோலைத்தான் காய்ச்சுகிறார். எத்தனை காய்ச்சியும் ஒலி ஏறாத நாளில்தான் தோலை மாற்றுவது பற்றி யோசிக்கிறார். அந்த வரிசையைத் தலைகீழாக்காமல் இருந்தால் போதும்.